சிறிய அறைச் சுவருக்கு மரப்பலகை பொருத்துதல்: தொடங்குவோருக்கான விளக்கம்

பத்துக்குப் பத்து அடி படுக்கையறையிலோ, அதைவிடச் சிறிய படிப்பறையிலோ ஒரு சுவரை மட்டும் மரப்பலகையால் மூட வேண்டும் என்ற விருப்பம் இப்போது பலருக்கு இருக்கிறது. பலகையை வாங்கிச் சுவரில் ஆணி அடித்து நிறுத்தினால் வேலை முடிந்தது என்று எண்ணித் தொடங்குபவர்கள், ஓராண்டுக்குள் பலகைகள் வளைவதையும் இடையில் கருப்புக் கோடுகளாக இடைவெளி தோன்றுவதையும் பார்த்து, மரம் சரியில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் மரத்தின் மீது பிழை இருக்காது. மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும் பொருள் என்பதும், அந்த அசைவுக்கு இடம் விட்டுப் பொருத்துவதே இந்த வேலையின் அடிப்படை என்பதும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி, எங்கே ஆணி, எங்கே பசை கூடாது என்பவை அனைத்தும் தாமாகவே விளங்கிவிடும்.

மரம் அசைவதன் கணக்கு

புதிதாக வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழிவில் இருக்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் ஈரப்பதம், அதாவது உலர்ந்த மரத்தின் எடைக்கு நீரின் எடை எத்தனை சதவீதம் என்ற கணக்கு, ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் செல் சுவர்களுக்குள் பிணைந்திருக்கும் நீர் குறையத் தொடங்குகிறது. மரமும் சுருங்கத் தொடங்குகிறது. அந்த நீர் போனால் திரும்பி வராது என்று நினைக்கக் கூடாது. காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை மீண்டும் வாங்கிக்கொள்ளும். அறையின் ஒப்பீட்டு ஈரப்பதம் நீண்ட நாட்களுக்கு 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரப்பதம் 9 சதவீத அளவிலும், 80 சதவீதமாக இருந்தால் ஏறத்தாழ 16 சதவீத அளவிலும் வந்து நிற்கும்.

இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பலகையின் நீளவாக்கில், அதாவது மரத்தின் நார் ஓடும் திசையில், மாற்றம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. அகலவாக்கில்தான் முழு அசைவும் நிகழ்கிறது. அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்ற தேக்குகூட, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைக்கு வரும்போது வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. ஆக, ஈரப்பதத்தின் ஒவ்வொரு சதவீத மாற்றத்துக்கும் அகலம் அதிகபட்சமாக 0.2 சதவீதம் அளவுக்கு மாறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒரு சுவருக்குப் பொருத்திப் பார்ப்போம். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே 4 சதவீத ஈரமாற்றத்தைச் சந்தித்தால், அதன் அகலம் 0.8 மில்லிமீட்டர் கூடிக் குறையும். தனிப் பலகையில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 3 மீட்டர் சுவரில் இத்தகைய பலகைகள் 30 இருக்கும்; அவற்றின் மொத்த அசைவு 24 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. பலகைகள் தனித்தனியே அசையும்படி பொருத்தியிருந்தால் இந்த ஓர் அங்குலம் 30 இணைப்புகளுக்கும் பகிர்ந்துகொடுக்கப்பட்டு மறைந்துவிடும். எல்லாவற்றையும் பசை போட்டு ஒரே பலகையாக ஒட்டியிருந்தால், அந்த அசைவு முழுவதும் ஓரிடத்தில் வெடிப்பாகவோ வீக்கமாகவோ வெளிப்படும். பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது என்று நல்ல ஆசாரிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

முதலில் சுவரைச் சோதிக்க வேண்டும்

மரத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே சுவரைப் பார்க்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரை மறைப்பதற்காகப் பலகை அடிப்பது, நான் அறிந்தவரை, இந்த வேலையில் செய்யக்கூடிய மிகக் கெட்ட முடிவு. ஓதம் அங்கேயே இருக்கும்; கண்ணுக்கு மட்டும் தெரியாது. பலகையின் பின்புறம் ஈரத்தை வாங்கி விரியும், முன்புறம் உலர்ந்தே இருக்கும். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் இருப்பதால் பலகை கிண்ணம்போல் குழியும். அதன்பின் பூஞ்சை வரும், கரையானும் வரும்.

சோதனை எளியது. ஓரடிக்கு ஓரடி அளவுள்ள தடித்த பாலித்தீன் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிட வேண்டும். தாளின் உட்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளிகள் தெரிந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் தெரிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். குளியலறையோடு பகிர்ந்துகொள்ளும் சுவர், மழைச்சாரல் நேரடியாகப் படும் வெளிச்சுவர், மேலே தண்ணீர்த் தொட்டி உள்ள சுவர் ஆகியவற்றில் இச்சோதனையை மழைக்காலத்தில் ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது. சுவரில் ஈரம் இருந்தால் கசிவைச் சரிசெய்து, சுவர் உலரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாகப் பூசிய சுவருக்கும் இதே பொறுமை தேவை. சிமென்ட் பூச்சு பார்வைக்கு வெளுத்துவிட்டாலும் உள்ளே ஈரம் பல வாரங்கள் தங்கியிருக்கும்.

எந்த மரம், எந்த அளவு

தேக்கு, வேங்கை, வாகை, பூவரசு, பலா, வேம்பு என்று நம் ஊர் மரக்கடைகளில் தெரிவுக்குக் குறைவில்லை. இறக்குமதியாகும் பைன் விலை குறைவாகவும் இழைப்பதற்கு எளிதாகவும் இருப்பதால் தொடங்குவோருக்கு ஏற்றது. ஆனால் கரையானைத் தாங்கும் இயல்பு அதற்கு இல்லை. ரப்பர் மரத்தையும் போரான் உப்புக்கரைசல் ஏற்றிப் பதப்படுத்தாமல் வாங்கக் கூடாது, ஏனெனில் அதைத் துளைக்கும் வண்டும் பூஞ்சையும் வெகு விரைவில் பிடித்துக்கொள்ளும். தேக்கு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேக்கின் நீடித்த உழைப்பு வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. விலை குறைவு என்று வெளிப்புற வெள்ளைப் பகுதி மிகுந்த பலகைகளை வாங்கினால், தேக்கு என்ற பெயருக்குத்தான் பணம் கொடுத்திருப்போம்.

அகலத்தைப் பொறுத்தவரை, 3 முதல் 4 அங்குலப் பலகைகளே தொடங்குவோருக்கு நல்லவை. அகலமான பலகை பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். அதன் அசைவும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்கும். தடிமன் 12 மில்லிமீட்டர் போதும். பலகையின் ஒரு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கும், மறுவிளிம்பில் அதை ஏற்கும் காடியும் இழைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நாக்குக்காடி அமைப்புதான் மேலே சொன்ன அசைவுச் சிக்கலுக்கு ஆசாரிகள் கண்ட தீர்வு. பலகை சுருங்கும்போது நாக்கு காடிக்குள்ளிருந்து சற்றே வெளியே வரும், விரியும்போது உள்ளே போகும். எந்த நிலையிலும் பின்னாலிருக்கும் சுவர் தெரியாது.

வாங்கிய பலகைகளை உடனே பொருத்திவிடக் கூடாது. எந்த அறையில் பொருத்தப்போகிறோமோ அந்த அறையிலேயே, தரையில் படாமல், அடுக்குக்கு அடுக்கு மெல்லிய குச்சிகளை இடையில் வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, பத்துப் பதினைந்து நாட்களாவது வைத்திருக்க வேண்டும். ஏசி ஓடும் அறையாக இருந்தால், அந்நாட்களிலும் வழக்கம்போல் ஏசி ஓட வேண்டும். பலகை அறைக்குப் பழகிவிட்டதா என்பதை அறிய ஈரமானி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது: ஒரே பலகையைத் தேர்ந்தெடுத்து மூன்று நாட்களுக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்துவர வேண்டும். எடை மாறாமல் நின்றுவிட்டால், மரம் வாங்குவதும் விடுவதும் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

சிறிய அறை என்பதால் வரும் கணக்குகள்

பலகையைத் தாங்கச் சுவரில் அடிக்கும் 25 மில்லிமீட்டர் ரீப்பர் சட்டமும் 12 மில்லிமீட்டர் பலகையும் சேர்ந்தால் சுவர் 37 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம், முன்னே வரும். நான்கு சுவர்களையும் மூடினால் அறையின் நீளத்திலும் அகலத்திலும் தலா மூன்று அங்குலம் போய்விடும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் இது தரைப்பரப்பில் ஏறக்குறைய 5 சதவீத இழப்பு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே ஓராள் நடக்கும் இடம் மட்டுமே உள்ள அறைகளில் இந்த மூன்று அங்குலம் அன்றாடம் உணரப்படும். எனவே சிறிய அறையில் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. அந்தச் சுவரில் கதவோ சன்னலோ இல்லாதிருந்தால் வேலை பாதியாகக் குறையும். கதவு இருந்தால் நிலைச்சட்டத்தைவிடப் பலகை முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், அதை மறைக்கத் தனியே சட்டம் வைக்க வேண்டிவரும்.

பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தினால் கூரை உயர்ந்தது போலவும், கிடையாகப் படுக்க வைத்தால் சுவர் நீண்டது போலவும் தோன்றும். தாழ்ந்த கூரையுள்ள அறைக்குச் செங்குத்தும், குறுகிய அறைக்குக் கிடையும் பொருந்தும். வெளிச்சம் குறைந்த அறையில் கருந்தேக்கு நிறம் பூசுவது அறையை இன்னும் இருளச் செய்யும்; மரத்தின் இயல்பான வெளிர்நிறத்தை விட்டுவைப்பதே அங்கு அழகு. இனி வருவது செங்குத்துப் பலகைகளுக்கான முறை.

ரீப்பர் சட்டம்

பலகைகளைத் தாங்குவதற்காகச் சுவரில் முதலில் அடிக்கப்படும் மெல்லிய சட்டங்களையே ரீப்பர் என்கிறோம். பலகை செங்குத்தாக வந்தால் ரீப்பர் கிடையாக ஓட வேண்டும். ஒன்பது அடி உயரச் சுவருக்கு, தரையிலிருந்து மூன்று அங்குலம் விட்டு முதல் ரீப்பரும், கூரைக்கு மூன்று அங்குலம் கீழே கடைசி ரீப்பரும் வைத்து, இடையில் 17 அங்குலத்துக்கு ஒன்றாகப் பகிர்ந்தால் மொத்தம் ஏழு வரிசைகள் வரும். இதைவிட இடைவெளி பெரிதானால் மெல்லிய பலகை கை பட்டவுடன் உள்வாங்கும்.

நம் வீடுகளின் சுவர்கள் செங்கல்லின் மேல் சிமென்ட் பூசியவை. திருகைத் தாங்குவது செங்கல், பூச்சு தாங்காது. ரீப்பர் 25 மில்லிமீட்டர், பூச்சு 15 மில்லிமீட்டர் என்றால் 40 மில்லிமீட்டர் கடந்த பிறகே செங்கல் தொடங்குகிறது. ஆகவே 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வைத்தால்தான் செங்கல்லுக்குள் 35 மில்லிமீட்டர் பிடிப்புக் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் துளையிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் உறையான ரால்பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும்வரை தள்ளி, அதன்பின் முடுக்க வேண்டும். காற்றறைகள் கொண்ட இலகுக் கற்களால் கட்டிய புதிய அடுக்ககங்களில் சாதாரண ரால்பிளக் நிற்காது. அவற்றுக்கென்றே தயாரிக்கப்படும் நீண்ட நைலான் பிளக்குகளைக் கேட்டு வாங்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இரும்பு ஆணியும் ஸ்க்ரூவும் துருப்பிடித்துப் பலகையின் மேல் கறையாக இறங்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு வீணாகாது.

துளையிடும் முன் சுவருக்குள் ஓடும் மின்குழாய்களின் தடத்தை அறிய வேண்டும். பொதுவாக அவை சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர்மேலாகவோ நேர்கீழாகவோ கிடையாகவோ ஓடும். அந்தத் தடங்களைச் சுவரில் வரைந்துகொண்டு, அங்கே துளையிடாமல் விலகிச் செல்வது உயிர்ப் பாதுகாப்பு.

எந்தச் சுவரும் முழுச் சமமாக இருப்பதில்லை. சுவரின் குறுக்கே நூல் கட்டிப் பார்த்தால் இங்கே ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேடு, அங்கே இரண்டு நூல் பள்ளம் என்று தெரியும். பள்ளமான இடங்களில் ரீப்பருக்குப் பின்னால் மெல்லிய பிளைவுட் தக்கைகளைச் செருகி எல்லா ரீப்பர்களின் முகமும் ஒரே தளத்தில் வரும்படி செய்ய வேண்டும். பொறுமையாகச் செய்தால் முழு வேலையிலும் அதிக நேரம் பிடிப்பது இந்த ஒரு கட்டம்தான். இங்கே அவசரப்பட்டால், ரீப்பரின் மேடுபள்ளம் அப்படியே பலகைமுகத்தில் தெரியும். எந்த பாலிஷும் அதை மறைக்காது.

இன்னொன்று, அடிக்கடி மறக்கப்படுவது. கிடையாக ஓடும் ரீப்பர்கள் பின்புறக் காற்றை வரிசைக்கு வரிசை அடைத்துவிடுகின்றன. ஒவ்வொரு ரீப்பரிலும் இரண்டு மூன்று இடங்களில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, பலகையின் அடியிலும் மேலேயும் அரை அங்குலம் திறந்துவிட்டால், காற்று கீழிருந்து மேலாக ஏறிப் பலகைகளின் முதுகை உலர்வாக வைத்திருக்கும்.

பலகை பொருத்துதல்

பொருத்தும் முன்பே பலகையின் இரண்டு முகங்களுக்கும், விளிம்புகளுக்கும், அறுத்த முனைகளுக்கும் ஒரு கையாவது வார்னிஷோ பாலிஷோ அடித்துவிட வேண்டும். முன்முகத்துக்கு மட்டும் அடித்தால், பூசாத பின்முகம் வேகமாக ஈரம் வாங்கிப் பலகையை வளைக்கும். நாக்கின் மேலும் நிறம் பூச மறக்கக் கூடாது. கோடையில் பலகை சுருங்கி நாக்கு வெளியே தெரியும்போது, பூசாத நாக்கு ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும்.

அடுத்தது பங்கீடு. மூலை இடைவெளிகள் போக 2,700 மில்லிமீட்டர் சுவரில், நாக்கு நீங்கலாக 95 மில்லிமீட்டர் முகம் காட்டும் பலகைகளை ஒரு மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டே போனால், 28 முழுப் பலகைகளுக்குப் பிறகு 40 மில்லிமீட்டர் கீற்று ஒன்று மறுமூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பதிலாக 27 முழுப் பலகைகளை நடுவில் வைத்து, இரு மூலைகளிலும் தலா 67.5 மில்லிமீட்டராக அறுத்த பலகை வைத்தால் சுவர் இருபுறமும் ஒத்துத் தெரியும். இதைக் காகிதத்தில் வரைந்து முடித்த பிறகே வாளைத் தொட வேண்டும்.

முதல் பலகையை மூலையை நம்பி வைக்கக் கூடாது, ஏனெனில் மூலைகள் அரிதாகவே நேராக இருக்கும். தூக்குக்குண்டோ ரசமட்டமோ காட்டும் செங்குத்தில் பலகையை நிறுத்தி, காடிப்பக்கம் மூலையைப் பார்க்கும்படி, சுவரிலிருந்து மூன்று நூல் தள்ளி வைக்க வேண்டும். அதன் மூலைப்பக்க விளிம்பில் மட்டும் முகத்தின் வழியாக ஆணி அடிக்கலாம். பின்னால் மூலையில் வரும் மெல்லிய மறைப்புச் சட்டமான பீடிங் அதை மறைத்துவிடும். மறுவிளிம்பில், நாக்கின் அடியில், 45 பாகைச் சாய்வில் மெல்லிய ஆணியை ரீப்பருக்குள் செலுத்தி, ஆணித்தலையை முளையால் (நெயில் பஞ்ச்) உள்ளே தட்டிவிட வேண்டும். அடுத்த பலகையின் காடி அந்த நாக்கின் மேல் வந்து அமரும்போது ஆணி மறைந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாம் பலகையிலிருந்து ஒவ்வொரு பலகையும் தன் நாக்குப்பக்கம் மட்டுமே ஆணியால் பிடிக்கப்படுகிறது, காடிப்பக்கம் சுதந்திரமாக நகர்கிறது என்பதே. இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டால், நாக்கும் காடியும் இருந்தும் பயனில்லை. சுருங்கும்போது பலகை நடுவில் பிளக்கும்.

இணைப்பை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொருத்தினால் பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும்; நெருக்கமாகச் சேர்க்கலாம். திருச்சி, மதுரை, வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் அக்கினி நட்சத்திர வெயிலில் பொருத்தினால் பலகை உலர்ந்து சுருங்கியிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும். பழைய ஏடிஎம் அட்டையொன்றை இடையில் செருகிப் பிறகு உருவினால் ஏறத்தாழ அந்த அளவு கிடைத்துவிடும். ஐந்தாறு பலகைகளுக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்து, சாய்வு தெரிந்தால் அடுத்த சில இணைப்புகளில் சிறிது சிறிதாகச் சரிசெய்ய வேண்டும்.

கடைசிப் பலகைக்கான அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, அதற்கேற்பச் சாய்வாக அறுத்து, அதே மூன்று நூல் இடைவெளியை மூலையில் விட வேண்டும். மூலைகளுக்கு மறைப்பாக வரும் பீடிங்கைச் சுவரோடு பொருத்த வேண்டும். பலகையோடு சேர்த்து ஆணி அடித்தால் அசைவுக்கு விட்ட இடம் பூட்டப்பட்டுவிடும்.

மின்சாரமும் நெருப்பும்

சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டி இப்போது ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விட்டது. அதை அப்படியே விட்டு, பலகையில் ஓட்டை போட்டு முகப்புத்தட்டை மட்டும் முன்னே கொண்டுவருவது ஆபத்தானது. பெட்டிக்கும் தட்டுக்கும் இடையே வெறும் கம்பி மரத்தை ஒட்டி இருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பெட்டியையே பலகைமுகம்வரை முன்னே நகர்த்த வேண்டும். பலகைக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் கம்பி இணைப்பு எதுவும் மறைந்திருக்கக் கூடாது.

பூசை மாடத்துச் சுவருக்குப் பலகை பொருத்துவோர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். விளக்கு எரியும் இடத்துக்குப் பின்னாலும் மேலும் பலகையைத் தவிர்த்து, அங்கே கிரானைட் கல்லோ டைலோ வைத்து, அதைச் சுற்றியே மரத்தை நிறுத்துவது பாதுகாப்பானது. சமையலறை அடுப்புச் சுவருக்கும் இதுவே விதி.

ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் துணியால் தேய்ப்பவர்கள், வேலை முடிந்ததும் அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே நெருப்புப் பற்றும். துணிகளை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவிட வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசமும் தேவை. மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

முதல் ஆண்டு முழுவதும் இணைப்புகள் விரிந்து நெருங்குவதைக் காணலாம். கோடையில் தெரியும் இடைவெளியைப் பட்டி போட்டு அடைக்கத் தோன்றும், அடைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பலகை விரியும்போது அந்தப் பட்டி பலகையைத் தள்ளும், அல்லது உதிர்ந்து விழும். தரையோரத்தில் வரும் ஸ்கர்ட்டிங் பலகையைப் பசையால் ஒட்டாமல் ஸ்க்ரூ கொண்டு நிறுத்தினால், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியைக் கழற்றி, டார்ச் அடித்து, சுவரில் கரையானின் மண்பாதை ஏறியிருக்கிறதா, ரீப்பரில் ஈரத்தின் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் மாட்டிவிடலாம்.